வெளிநாட்டிலிருந்து வந்த போனில் நம்ம ஊர் சிம் எடுக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மச்சானோ ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த போன். நம்ம ஊர் சிம்மைப் போட்டால் டவர் வருவதில்லை. இல்லையென்றால் ஏதோ ஒரு பின் நம்பர் கேட்கிறது. இல்லையென்றால் நெட் நன்றாக ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் கடையில் கேட்டால் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: “லாக் போன் சார், அன்லாக் பண்ணணும்.” அதற்கு ஒரு தொகையும் சொல்வார்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால் போன் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். உண்மையிலேயே வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் தன் சிம்மை மட்டும் ஏற்கும்படி போட்ட பூட்டாக இருந்தால், அதைத் திறக்க வேண்டியது அந்த நிறுவனம்தான், பெரும்பாலும் இலவசமாக. பூட்டே இல்லை என்றால் அன்லாக்குக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

முதலில் பூட்டு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

ஐபோனில் இது எளிது. செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் அபவுட். கீழே தள்ளிக்கொண்டே போனால் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் பூட்டு இல்லை. ‘சிம் லாக்ட்’ என்றிருந்தால் பூட்டு இருக்கிறது. ஐஓஎஸ் 14 முதல் இந்த வரி இருக்கிறது. ஐபோனை பழையதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே, விலை பேசுவதற்கு முன்னால், இதைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் எல்லா போனுக்கும் பொதுவாக இப்படி ஒரு வரி கிடையாது. வேறு போனில் நன்றாக வேலை செய்கிற ஒரு சிம்மை எடுத்து இதில் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. சிம்மே கெட்டுப்போயிருக்கலாம் என்பதால், வேலை செய்கிற சிம் என்பது முக்கியம்.

அடுத்து *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும்; ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியான அடையாள எண் அது. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண் வரும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி செய்யப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த எண் வேண்டும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கீழே சொல்வது எளிதில் புரியும். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, அமெரிக்காவுக்கு 310 முதல் 316 வரை. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய போன் இந்த இலக்கங்களைத் தன்னிடம் உள்ள அனுமதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால், டவர் வீட்டு வாசலிலேயே நின்றாலும் சிம்மை ஏற்காது. சாம்சங் போன்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த அனுமதி போனுக்குள்ளேயே இருக்கிறது. சரியான எண்ணைப் போட்டால் திறக்கும். ஐபோனில் அது ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனை முதலில் இயக்கும்போது அது தன் ஐஎம்இஐயைச் சொல்லி, தனக்கு எந்த சிம்மெல்லாம் அனுமதி என்று சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால் ஐபோனுக்கு ‘அன்லாக் கோடு’ என்று ஒன்று கிடையவே கிடையாது. கோடு தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நடையைக் கட்டுங்கள்.

ஐபோன் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ அல்லது ‘சிம் நாட் வேலிட்’ என்கிறது

கேரியர் லாக் வரியில் ‘சிம் லாக்ட்’ என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இது பூட்டுதான். இங்கே உட்கார்ந்து ரீசெட் செய்தாலோ, அப்டேட் போட்டாலோ, போனைக் கழற்றினாலோ எதுவும் மாறாது. ஆப்பிள் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டாலும் அவர்களால் திறக்க முடியாது. போனைப் பூட்டிய நிறுவனம் சொன்னால்தான் ஆப்பிள் தன் பதிவை மாற்றும்.

எனவே முதல் வேலை, எந்த நிறுவனம் என்று கண்டுபிடிப்பது. போனைக் கொடுத்தவரிடமே கேளுங்கள்: எந்த நிறுவனத்தில் வாங்கினார், யார் பெயரில் கணக்கு, தவணை பாக்கி இருக்கிறதா, அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா. பில்லைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் விதி ஒன்றல்ல. ஏடி அண்ட் டியில் மாதக் கட்டணக் கணக்கு என்றால் போன் 60 நாள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும்; ப்ரீபெய்டு என்றால் 6 மாதம். டி-மொபைலில் மாதக் கணக்குக்கு 40 நாள், ப்ரீபெய்டுக்கு ஓராண்டு. இரண்டிலும் தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும். வெரைசன் நீண்ட காலம் தனி வழியில் இருந்தது: 2019 முதல் 60 நாள் ஆனதும் போன் தானாகவே திறந்துகொள்ளும், தவணை பாக்கி இருந்தாலும் சரி. அந்த 60 நாள் கட்டாயத்தை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2026 ஜனவரியில் விலக்கிவிட்டது. ஆகவே வெரைசன் போன் என்றால் எப்போது வாங்கியது என்பதை அவசியம் பாருங்கள். “வெரைசன்தானே, தானாகத் திறக்கும்” என்ற பழைய நம்பிக்கையில் புதுப் போனை ஊருக்கு அனுப்பிவிட வேண்டாம்.

ஏடி அண்ட் டியில் அன்லாக் கேட்பதற்கென்றே இணையத்தில் ஒரு படிவம் உண்டு. கணக்கு இல்லாதவரும் அதில் கேட்கலாம். படிவம் நிரப்பியதும் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். அதை 24 மணி நேரத்துக்குள் அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடந்து, கெடு முடிந்து, கோரிக்கை தானாக ரத்தாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. உறுதிசெய்தபின் இரண்டு வேலை நாளுக்குள் பதில் வரும். நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் இடையே குறைந்தது ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், சனி ஞாயிறு வேறு கணக்கில் வராது. இடையில் மறுபடி மறுபடி படிவம் போட வேண்டாம்.

இந்த வேலையை விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே முடிப்பதுதான் நல்லது. கணக்கு வைத்திருப்பவர் அங்கே இருந்து ஒரு அழைப்பில் முடிக்கக்கூடியதை, இங்கே வந்தபின் நாம் பல வாரம் இழுக்க வேண்டியிருக்கும். அதிலும் அவர் திரும்பி வரும்போது இணைப்பையே ரத்து செய்துவிட்டு வருகிறவராக இருந்தால், ரத்து செய்வதற்கு முன் அன்லாக் கேட்டு, கேரியர் லாக் வரி மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். “முழு விலை கொடுத்து பெரிய கடையில் வாங்கினேன், லாக் எப்படி இருக்கும்?” என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் சில சில்லறைக் கடைகளில் விற்கும் ஐபோன்கள், முதலில் போடுகிற அமெரிக்க சிம் எந்த நிறுவனமோ அதனோடு பூட்டிக்கொள்ளும். வாங்கியவருக்கே இது தெரியாது. இந்த நிலையிலும் அந்த சிம்மின் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

கனடாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்த போன் என்றால் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களைத் திறந்த நிலையில்தான் விற்க வேண்டும். பழையதையும் இலவசமாகத் திறந்து தர வேண்டும். பிரிட்டனில் பூட்டிய போன் விற்பதற்கு 2021 டிசம்பரிலும், ஜப்பானில் அதே ஆண்டு அக்டோபரிலும் தடை வந்தது. அந்தத் தேதிகளுக்கு முந்தைய போன்களில் மட்டும் பூட்டு இருக்கலாம்.

சாம்சங் போன் ‘நெட்வொர்க் அன்லாக் பின்’ கேட்கிறது

கையில் தோன்றிய எண்ணையெல்லாம் அடிக்காதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இது சிம்மின் பின் அல்ல, திரைப் பூட்டின் எண்ணும் அல்ல. இந்தப் போனுக்கென்று, இந்த ஐஎம்இஐக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் எண். தவறாக அடிப்பதற்குச் சில வாய்ப்புகள்தான் உண்டு. எத்தனை என்பது மாடலைப் பொறுத்தது. அது தீர்ந்துவிட்டால் பிறகு சரியான எண்ணையே கொடுத்தாலும் போன் ஏற்காத நிலைக்குப் போய்விடும். கடையில் “ரெண்டு கோடு ட்ரை பண்ணிப் பாக்கலாம்” என்று சொன்னால் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடம் ஐஎம்இஐ கொடுத்து எண் வாங்கியபின், வேறு நிறுவன சிம்மைப் போட்டு, போனை ஆன் செய்து, அது கேட்கும் இடத்தில் நிதானமாக அடியுங்கள். எண் நீளமாக இருக்கும். ஒருவர் படிக்க ஒருவர் அடிப்பது நல்லது.

டி-மொபைல் விற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. செட்டிங்ஸில் கனெக்‌ஷன்ஸ் பகுதிக்குள் ‘நெட்வொர்க் அன்லாக்’ என்று இருக்கும். பழைய மாடலில் தனிச் செயலியாக இருக்கும். வைஃபை இணைத்துக்கொண்டு அதைத் திறந்தால் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு தேர்வு வரும். நிரந்தரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நாட் எலிஜிபிள்’ என்று வந்தால் போனில் கோளாறு இல்லை, கணக்கில் பாக்கி இருக்கிறது அல்லது நாள் கணக்கு முடியவில்லை என்று பொருள்.

துபாய், சவுதிப் பக்கமிருந்து பெட்டி பிரிக்காமல் வந்த சாம்சங் இதே பின்னைக் கேட்டால், அது நிறுவனப் பூட்டு இல்லை. வட்டாரப் பூட்டு. 2013இல் நோட் 3 வந்த காலத்திலிருந்து சாம்சங் இதை வைத்திருக்கிறது. எந்தப் பகுதிக்காக விற்கப்பட்டதோ அந்தப் பகுதி சிம்மைப் போட்டு, மொத்தம் 5 நிமிடமாவது கால் பேசியிருந்தால்தான் பிற நாட்டு சிம் வேலை செய்யும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இது எழுதியிருக்கும். அங்கே இருக்கும்போதே யாராவது பெட்டியைப் பிரித்து, உள்ளூர் சிம் போட்டு, வீட்டுக்கு ஒரு கால் பேசிவிட்டால் போதும். புதுப் போனைப் பிரித்துவிட்டார்களே என்று ஊரில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், உங்கள் நன்மைக்குத்தான் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே பிரிக்காமல் வந்துவிட்டது என்றால், பில்லோடு சாம்சங் சேவை மையத்தை அணுகுங்கள்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிட்டது

மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரு வரியில்தான் இருக்கும். அந்த வரியை விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

தவணை பாக்கி என்றால் கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. மீதி முழுவதையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லி, கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று காட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ மீண்டும் கேளுங்கள்.

‘இந்தப் போன் இன்னொரு வாடிக்கையாளரின் கணக்கில் இயங்குகிறது’ என்று வந்தால், பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து போனை நீக்கவில்லை. இணையத்தில் பழைய போன் வாங்கி அனுப்பியவர்களுக்கு இது நடக்கும். விற்றவரைப் பிடித்து நீக்கச் சொல்ல வேண்டும்.

‘தொலைந்தது அல்லது திருடப்பட்டது’ என்று பதிவாகியிருந்தால் கொஞ்சம் கடினம். உண்மையிலேயே திருட்டுப் போனாக இருக்கலாம். அல்லது தொலைந்ததாகச் சொல்லி, பிறகு கிடைத்தபின் அதைச் சொல்ல மறந்திருக்கலாம். இரண்டாவது என்றால் கணக்கு வைத்திருப்பவர் ஒரு அழைப்பில் சரிசெய்யலாம். முதலாவது என்றால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் முறை.

ஐஎம்இஐ பொருந்தவில்லை என்றால் *#06# எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டு எண் உள்ள போனில் இரண்டாவதைக் கொடுத்துவிட்டால்கூட இப்படி வரும்.

மறுக்கப்பட்டவர்கள்தான் அடுத்து ‘குறைந்த விலையில் அன்லாக்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகிறார்கள். அந்தத் தொழிலில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் வாடிக்கையாளர் சேவை மைய ஊழியர்களுக்குப் பல ஆண்டுகள் லஞ்சம் கொடுத்து, 19 லட்சத்துக்கும் மேற்பட்ட போன்களைச் சட்டவிரோதமாகத் திறக்க வைத்த ஒருவருக்கு 2021இல் 12 ஆண்டு சிறை விதித்தார்கள். நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அந்தச் சேவைக்குப் பணம் கட்டியவர்களில் பலர் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். அன்லாக் செய்வது குற்றம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக்காரர் தன் போனைத் திறந்துகொள்ளும் உரிமையை அமெரிக்கா 2014இல் தனிச் சட்டமாகவே நிறைவேற்றியிருக்கிறது. கணக்கு நேராக இருந்தால் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

திறந்துவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்துவிட்டது, போனில் மாற்றமில்லை

ஐபோன் தன் சர்வரிடம் மறுபடி கேட்டால்தான் புதுப் பதிவு அதற்குத் தெரியும். வைஃபையில் இணையுங்கள். பழைய சிம்மை எடுத்துவிட்டு நம்ம ஊர் சிம்மைப் போடுங்கள். போனை அணைத்து ஆன் செய்து, சில நிமிடம் விட்டுவிட்டு, கேரியர் லாக் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே மாறிவிடும்.

மாறவில்லை என்றால் ஐஓஎஸ் அப்டேட் இருந்தால் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி, பேக்கப் எடுத்துவிட்டு, போனை முழுக்க அழித்து, புதிதாக இயக்குவது. பேக்கப் முடிந்துவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஆப்பிள் ஐடியும் கடவுச்சொல்லும் தெரியாமல் அழிக்கவே கூடாது. அழித்தபின் போன் அதைத்தான் கேட்கும், சொல்லாவிட்டால் உள்ளேயே விடாது.

பூட்டு இல்லை, ஆனாலும் ‘நோ சர்வீஸ்’

இங்கேதான் பலர் தேவையில்லாமல் அன்லாக்குக்குப் பணம் கட்டுகிறார்கள். கேரியர் லாக் வரி சுத்தமாக இருக்கிறது, அல்லது ஆண்ட்ராய்டு எந்தப் பின்னும் கேட்கவில்லை, ஆனாலும் டவர் இல்லை என்றால் பூட்டை மறந்துவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

புது சிம் இன்னும் ஆக்டிவேட் ஆகாமல் இருக்கலாம். வேறு போனில் போட்டால் தெரிந்துவிடும். நெட்வொர்க் தேர்வு பழைய நிறுவனத்தின் மேல் கைமுறையாக நிற்கலாம், ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

அடுத்து ஐஎம்இஐ இந்தியாவில் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நிலவரம் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் செயலியிலும் பார்க்கலாம். பழைய போன் வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும். முடக்கப்பட்ட எண் என்றால் இந்தியாவில் எந்த சிம்மும் எடுக்காது.

அதுவும் சரியாக இருந்தால் அலைவரிசைதான் மிச்சம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டும் 900, 1800, 2100, 2300 ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க நிறுவனங்களுக்கென்று செய்த மலிவு விலை ப்ரீபெய்டு போன்களில் இவற்றில் சில இருக்காது. குறிப்பாக 2300, அதாவது பேண்ட் 40, இல்லாத பழைய அமெரிக்க மாடல்கள் நிறைய. போனின் முழு மாடல் எண்ணை வைத்து அது பிடிக்கும் பேண்டுகளைப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாடல் இருக்கும். ஊருக்குள் டவர் வந்து, வீட்டுக்குள் போனால் போகிறது என்பதும் பல நேரம் இந்த பேண்ட் சிக்கல்தான். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. வேறு நிறுவன சிம் போட்டுப் பார்ப்பதே வழி.

நெட் வருகிறது, கால் போகவில்லை

ஜியோ சிம் என்றால் உடனே வோல்ட்இயை, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதியை, பாருங்கள். ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. கால் முழுக்க 4ஜி, 5ஜி வழியாகத்தான் போக வேண்டும். வோல்ட்இ இயங்காத போனில் நெட் ஓடும், கால் போகாது. ஏர்டெல், வி சிம்மில் கால் போகும், ஏனென்றால் பின்னால் விழுவதற்கு 2ஜி இருக்கிறது. ஆனால் கால் வரும்போது நெட் அறுந்து போகும்.

செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் வோல்ட்இ அல்லது ‘4ஜி காலிங்’ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். அந்தத் தேர்வே காணவில்லை என்றால் மென்பொருள் அப்டேட் போட்டு, சிம்மை எடுத்துத் திரும்பப் போட்டு, போனை ஆன் செய்து பாருங்கள். ஐபோனில் அபவுட் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொஞ்சம் காத்திருங்கள், ‘கேரியர் செட்டிங்ஸ் அப்டேட்’ கேட்டால் சம்மதம் கொடுங்கள். அப்படியும் வராத போன்கள் உண்டு. வேறு நாட்டு நிறுவனத்துக்காகச் செய்த மென்பொருளில் நம்ம ஊர் நிறுவனங்களுக்கான அமைப்பே இருக்காது. அப்போது ஏர்டெல்லோ வியோ வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கால் போகிறது, நெட் வரவில்லை

இது சின்ன வேலை. பழைய நிறுவனத்தின் ஏபிஎன், அதாவது நெட் இணைப்புக்கான அமைப்பு, போனிலேயே தங்கிவிட்டது. மொபைல் நெட்வொர்க் பகுதியில் ‘ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்’ திறந்து, புதிதாக ஒன்று சேர்த்து, ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் போட்டுச் சேமியுங்கள். மற்றக் கட்டங்களைத் தொட வேண்டாம். ஐபோனில் பழைய நிறுவனத்தின் ப்ரொஃபைல் ஏதாவது நிறுவப்பட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு, நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போன்ற நெட்வொர்க் அமைப்புகள் போய்விடும், மற்றவை இருக்கும்.

சிம் போடும் இடத்தையே காணோம்

2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு கிடையாது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன. செயலியிலோ கடையிலோ கேட்டால் இருக்கிற நம்பரையே இ-சிம்மாக மாற்றித் தருவார்கள். ஜியோவுக்கு ஐஎம்இஐயோடு இ-சிம்முக்கான 32 இலக்க இஐடி எண்ணும் வேண்டும். அது அபவுட் பக்கத்தில் இருக்கும்.

போன் பூட்டியிருந்தால் பிற நிறுவன இ-சிம்மும் ஏறாது. ஆகவே கேரியர் லாக் வரியைப் பார்க்காமல் நம்பரை மாற்றக் கொடுக்காதீர்கள். மாற்றம் நடந்ததும் கையில் இருக்கும் பழைய சிம் செத்துவிடும். புதுப் போனும் ஏற்கவில்லை என்றால் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். மாற்றியபின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். சிம் மாற்று மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. வங்கி ஓடிபி எதுவும் வராது. டிக்கெட் எடுக்கவோ பணம் அனுப்பவோ வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் ஐடி, கூகுள் கணக்கு கேட்டு நிற்கிறது

இது நிறுவனப் பூட்டே இல்லை. போனின் பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் போனை அழித்திருக்கிறார். எந்தத் தொலைபேசி நிறுவனத்தாலும் இதை எடுக்க முடியாது. ஐபோன் என்றால் அவர் எங்கே இருந்தாலும் தன் கணக்கில் நுழைந்து இந்தப் போனை நீக்கினால் போதும். போனைத் தொட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் அவர்தான் தன் கூகுள் கணக்கு விவரத்தைக் கொடுத்துத் திறக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் யாரென்றே தெரியாத போனை வாங்கியிருந்தால், விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

நன்றாக ஓடிய போன் அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி பூட்டிக்கொண்டது

சிம் தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். சிம்மோடு ஒட்டிக்கொண்டு, காகிதம் போல மெல்லிய ஒரு சர்க்யூட் இருக்கிறதா? ஆர்-சிம், டர்போ சிம் என்று இதைச் சொல்வார்கள். உங்கள் சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்து, இது பழைய நிறுவனத்தின் சிம்தான் என்று போனிடம் பொய் சொல்வதே இதன் வேலை. பூட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆப்பிள் அடுத்த அப்டேட்டில் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் போன் நின்றுவிடும். “ஃபேக்டரி அன்லாக்” என்று சொல்லி விற்ற போனுக்குள் இது இருந்தால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அன்லாக் போனின் விலையை பூட்டிய போனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தட்டோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள். சென்னை ரிச்சி தெருவோ பர்மா பஜாரோ உங்கள் ஊர்க் கடையோ, பழைய ஐபோன் எங்கே வாங்கினாலும் சிம் தட்டை உருவிப் பார்ப்பதையும் கேரியர் லாக் வரியைப் பார்ப்பதையும் சேர்த்தே செய்யுங்கள்.

தட்டில் எதுவும் இல்லை என்றால், முதலில் கிடைத்தது தற்காலிகத் திறப்பாக இருந்து காலம் முடிந்திருக்கலாம். டி-மொபைல் போன்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அல்லது யாரோ குறுக்கு வழியில் திறந்ததை நிறுவனம் கண்டுபிடித்துத் திரும்பப் பூட்டியிருக்கலாம். இரண்டிலும் முதலில் சொன்ன வழிக்கே வர வேண்டும்: ஐஎம்இஐ, பில், கணக்கு வைத்திருப்பவர், நிறுவனம்.

ஜியோபோனில் வேறு சிம் போட முடியவில்லை

இதைக் கேட்டு நிறையப் பேர் வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்களுக்குப் பொதுவாக நிறுவனப் பூட்டு கிடையாது. ஆனால் பட்டன் வைத்த ஜியோபோனும் ஜியோபாரத்தும் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டவை. வேறு சிம்முக்குத் திறந்து தரும் வழி எதுவும் நிறுவனத்திடம் இல்லை. மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் கொடுத்தால் போனே போய்விடும் வாய்ப்பு அதிகம். வீட்டில் பெரியவர்களுக்கு பட்டன் போன் வேண்டும், நம்பர் ஏர்டெல்லோ பிஎஸ்என்எல்லோ என்றால், எந்த நிறுவனத்துடனும் சேராத சாதாரண 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போதே அவர்களுடைய சிம்மைக் கடையில் போட்டு, ஒரு கால் பேசிப் பார்த்துவிடுங்கள்.